கார்த்திகை மூட்டத்தில் ஓர் ஆவ்ரோ

கார்த்திகை மாதத்துக் காலைகளில் கான்சாபுரத்துக்கு மேற்கே மலை இருப்பதில்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது, விடிந்து பார்த்தால் காணோம். தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் மட்டும் நிற்கும். பிளவக்கல் அணைக்குப் போகிற ரோடு நேராக அந்தச் சுவருக்குள் நுழைவதுபோல இருக்கும்.

தேங்காய் வெட்டுக்கு வந்திருந்த பெரியவரிடம், “என்ன அண்ணாச்சி, மலையையே காணோம்?” என்று கேட்டேன்.

“மலை எங்க தம்பி போகும்? அங்கனதான் இருக்கு. மூட்டம் போட்டிருக்கு” என்றார். கேள்வியே அவருக்குக் கொஞ்சம் அபத்தமாகப் பட்டிருக்க வேண்டும்.

மூட்டம் போட்டிருந்தால் மலை அங்கேதான் இருக்கிறது. இந்தச் சாதாரண உண்மையைத் தவறவிட்டதால் நொறுங்கிய விமானங்கள் உலகம் முழுக்க உண்டு. அதில் ஒன்று இந்த மலைத்தொடரிலேயே விழுந்தது.

1971 டிசம்பர் 9. வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்த நாட்கள். இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம் ஒன்று கேரளத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தது. ஹாக்கர் சிட்லி 748 என்பது அதன் முழுப்பெயர். பிரிட்டிஷ் வடிவமைப்பு, கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டியது. இரண்டு புரொப்பெல்லர், சுமார் நாற்பது பேர் உட்காரக்கூடிய சிறிய பயணி விமானம். அன்று உள்ளே இருந்தவர்கள் 31 பேர். மதுரையில் இறங்குவதற்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்த விமானம், சின்னமனூர் அருகே மேகமலையில் மோதியது. விமான ஊழியர்கள் 4 பேரும் பயணிகளில் 17 பேரும் இறந்தார்கள். 10 பேர் பிழைத்தார்கள். நேரம் பகல்; ஆனால் எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரியாத பகல்.

மேகமலை கான்சாபுரத்துக்கு அந்நியமான இடமில்லை. நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள்தான். நடுவில் மலை நிற்பதால்தான் அது தேனி மாவட்டம், இது விருதுநகர் மாவட்டம். 2021-இல் அரசு இரண்டையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தது. புலிக்குத் தெரிந்த ஒற்றுமை அரசாங்கக் காகிதத்தில் ஏற இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

குளிர்கால விமான விபத்து என்றால் நமக்குப் படங்களில் பார்த்த காட்சிதான் நினைவுக்கு வரும்: பனி கொட்டிய ஓடுபாதை, சறுக்கிப் போகும் சக்கரம். நம் பக்கத்துக் குளிர்காலம் அப்படி வருவதில்லை. வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரமாக வருகிறது. அந்த ஈரத்தை மேகமாக மாற்றும் வேலையை மலையே செய்கிறது. கணக்கு எளிது. கார்த்திகைக் காலையில் தரையில் வெப்பநிலை 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதே காற்றை 21 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் துளியாகத் திரளத் தொடங்கும் என்றும் வைத்துக்கொள்வோம். இதைப் பனிநிலை வெப்பம் என்பார்கள். காற்று மலைச்சரிவில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைந்து விரிவடைகிறது, விரிவதால் குளிர்கிறது. 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி. பனிநிலையும் கூடவே சற்று இறங்கும். இரண்டையும் கழித்துப் பார்த்தால், வித்தியாசம் 1 டிகிரி இருந்தால் 125 மீட்டர் உயரத்தில் மேகத்தின் அடி தொடங்கும். நம் கணக்கில் 3 டிகிரி. ஆகவே 375 மீட்டரில் மேகம். ஆனால் இந்தத் தொடரின் உயர்ந்த முகடுகளில் ஒன்றான கோட்டைமலை ஏறத்தாழ 2000 மீட்டர். அடிவாரத்துக்கு மேலே சற்று தூரம் வரை பச்சை தெரியும். மீதி மலை முழுவதும் மேகத்துக்குள்.

அதாவது, வானத்தில் மிதந்து வந்த மேகம் தற்செயலாக மலைமேல் வந்து தங்கவில்லை. மலை இருப்பதால்தான் அந்த இடத்தில் மேகம் இருக்கிறது. சமவெளியில் பறக்கும் விமானி மேகத்துக்குள் நுழைந்தால் பெரும்பாலும் நனைந்த காற்றுதான் கிடைக்கும். மலைப் பக்கத்தில் மேகமே உள்ளே பாறை இருப்பதற்கு ஓர் அடையாளம். மேகங்களிலேயே மோசமானது கருங்கல் மேகம் என்று விமானிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது வெறும் வேடிக்கைக்கு அல்ல.

சரி, மோதும் அளவுக்கு ஏன் தாழ வர வேண்டும்? இறங்குவதற்கு என்று ஒரு வழக்கமான சரிவு உண்டு: 3 பாகை. ஓடுபாதையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 52 மீட்டர் உயரம், பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 520 மீட்டர். சின்னமனூர் மதுரை விமான நிலையத்துக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, 78 கிலோமீட்டரில் இருக்கிறது. அந்தச் சரிவுக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் சின்னமனூருக்கு மேலே உயரம் 4000 மீட்டர் வரும். அவ்வளவு உயரத்துக்கு ஏறாமலே குறுகிய பயணங்களை முடிப்பது உண்டு; இருந்தாலும் மலையைத் தாண்டியபிறகுதான் இறங்கத் தொடங்க வேண்டும். மலைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதுதான் உயிர் போகிற கேள்வி.

இன்று இந்தக் கேள்விக்கு நம் கையிலுள்ள போனே பதில் சொல்லிவிடும். 1971-இல் பயணி விமானங்களுக்குச் செயற்கைக்கோள் வழிகாட்டல் கிடையாது. தரையிலிருந்து வரும் ரேடியோ சைகை, திசைகாட்டி, கடிகாரம், வரைபடம் ஆகியவற்றை வைத்துத்தான் இருக்குமிடத்தைக் கணிக்க வேண்டும். கீழே ஊரோ கண்மாயோ தெரிந்தால் கணிப்பைச் சரிபார்த்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் கடிகாரத்தை நம்ப வேண்டியதுதான். மணிக்கு 430 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் நிமிடத்துக்கு ஏழு கிலோமீட்டர் கடக்கும். மேற்கிலிருந்து கிழக்கே வரும் விமானத்துக்கு வடகிழக்குக் காற்று எதிர்க்காற்று. எதிர்பார்த்ததைவிடக் காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் கூடுதலாக இருந்தால், இருபது நிமிடத்தில் விமானம் 13 கிலோமீட்டர் பின்தங்கியிருக்கும். ஏறத்தாழ ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடைப்பட்ட தூரம் அது. அந்தக் காலத்தில் எந்த விமானமும் சந்தித்த பொதுக் கணக்கைச் சொல்கிறேன். கடிகாரப்படி மலை பின்னால் போயிருக்கும்; உண்மையில் எதிரே இருக்கும்.

“உயரமானி என்று ஒன்று இருக்கிறதே” என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது காற்றழுத்தமானியின் தம்பி. கடல்மட்டத்தருகே 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். மேலே போகப்போக அதே அளவு குறைய இன்னும் கொஞ்சம் கூட ஏற வேண்டும். அந்தக் குறைவைத்தான் கருவி உயரமாக மாற்றிக் காட்டுகிறது. அது தரும் எண் கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரம். காலுக்குக் கீழே மதுரை ஓடுபாதையா, ஏலத்தோட்டமா என்பது அதற்குத் தெரியாது. 1600 மீட்டர் என்று அது துல்லியமாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே 1590 மீட்டரில் பாறை இருக்கலாம். மன்னார் வளைகுடாவில் தாழ்வழுத்தம் உருவாகி அழுத்தம் 5 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருந்து, அதைத் திருத்திக்கொள்ளாமல் விட்டால், காட்டும் உயரத்தைவிட விமானம் நாற்பது மீட்டருக்கும் மேல் தாழ்வாக இருக்கும். மலைக்கு இது சிறிய பிழை. ஓடுபாதைக்குக் கடைசி நொடிகளில் இது பெரிய பிழை.

இன்னொரு கருவி நம் காதுக்குள் இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் அதிகம் நம்புகிறோம். உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பினால் திரவம் கொஞ்சம் பின்தங்கி உள்ளேயுள்ள நுண்மயிர்களை வளைக்கும். திரும்புகிறோம் என்று மூளைக்குத் தெரியும். ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால் இருபது நொடி போலத் திரவமும் குழலோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். அப்புறம் நேராகப் போவதாகத்தான் தோன்றும். பொருட்காட்சி ராட்டினத்திலிருந்து இறங்கியவன் சும்மா நின்றாலும் எதிர்த்திசையில் சுற்றுவதாக உணர்வது இதன் மறுபாதி. கண் திறந்து தொடுவானம் தெரிந்தால் கண் காதைத் திருத்திவிடும். மேகத்துக்குள் தொடுவானம் எங்கே? 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன விமானப்படையின் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தபோது, முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உட்பட அதிலிருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள். ஒருவர் மட்டும் ஒரு வாரம் போராடிவிட்டு இறந்தார். இறங்க இன்னும் சில நிமிடங்களே இருந்தன. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாற, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசை உணர்வு குழம்பியது, அதனால் கட்டுப்பாட்டில் இருந்தபடியே தரையில் மோதியது என்று விசாரணைக் குழு கூறியது. ‘கட்டுப்பாட்டில் இருந்தபடியே தரையில் மோதுதல்’ என்பது விமானத் துறையில் ஒரு தனி வகை. இயந்திரம் பழுதாகியிருக்காது. இறக்கை, சுக்கான், எல்லாம் சொன்னபடி கேட்கும். நல்ல நிலையிலுள்ள விமானத்தை, ஒன்றும் அறியாத கைகள், பாறையை நோக்கி ஓட்டிக்கொண்டிருக்கும்.

நீலகிரியில் இதற்கு முன்பும் ஒரு டிசம்பர் உண்டு. 1950 டிசம்பர் 13 அன்று, கோயம்புத்தூரில் இறங்க வேண்டிய ஏர் இந்தியா டகோட்டா ஒன்று கோத்தகிரி மலையில், ரங்கசாமி தூண் அருகே மோதியது. எவரும் பிழைக்கவில்லை. அதில் வந்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் வால்ட், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் பேராசிரியர். இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுப் பயணமாக மனைவியோடு வந்திருந்தார். இரண்டாம் உலகப்போரில் விமானங்களின் எந்தப் பாகத்துக்குக் கவசம் போடுவது என்ற கேள்விக்கு அவர் தந்த விடை இன்றும் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. திரும்பி வந்த விமானங்களின் உடலில் ஏராளமான துளைகள். இன்ஜினில் மட்டும் குறைவு. துளை உள்ள இடத்தில் கவசம் போடத்தான் யாருக்கும் தோன்றும். இன்ஜினில் அடிபட்டவை திரும்பியே வரவில்லை, ஆகவே கவசம் அங்கேதான் வேண்டும் என்பது வால்டின் தர்க்கம். விமானம் எப்படித் தப்புகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டிய மனிதர் நம் மலையில் முடிந்துபோனார்.

1950, 1971, 2021. மூன்றும் டிசம்பரின் முதல் பாதி. தமிழ்க் கணக்கில் மூன்றும் கார்த்திகை. உடனே கார்த்திகையில் மலைப்பக்கம் பறக்கக்கூடாது என்று நாள் குறிக்கத் தோன்றும். வால்ட் இருந்திருந்தால் விடமாட்டார். கார்த்திகையில் மலையைத் தாண்டிப் பத்திரமாக இறங்கிய ஆயிரக்கணக்கான விமானங்களை யார் எண்ணினார்கள் என்று கேட்டிருப்பார். மூன்று சம்பவம் காரணத்தைத் தேடத் தூண்டலாம், நிரூபித்துவிடாது. எனக்குக் காரணமாகப் படுவது மாதமல்ல, அந்த 125 மீட்டர் கணக்கு.

மேகமலை விபத்துக்கு மூன்று மாதம் முன்பு, 1971 செப்டம்பர் 4 அன்று, அலாஸ்காவின் ஜூனோ நகருக்கருகே இறங்க வந்த போயிங் ஒன்று மேகம் மூடிய மலையில் மோதி 111 பேர் இறந்திருந்தார்கள். அந்த வருடங்களில் இது உலகம் முழுவதற்குமான நோயாக இருந்தது. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த டான் பேட்மன் என்ற பொறியாளர் இதற்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். ரேடியோ உயரமானி நேர் கீழே ஓர் அலையை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தை அளக்கும். தரைக்கு உண்மையான தூரம் அதில் கிடைக்கும். தரை வேகமாக நெருங்கினால் மணி அடித்து “புல் அப்” என்று குரல் கொடுக்கும்படி அவர் ஒரு பெட்டி செய்தார். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே இன்னொரு விமானம் மலையில் மோதிய பிறகு அமெரிக்கா அதைக் கட்டாயமாக்கியது.

பெட்டிக்கு ஒரு குறை இருந்தது. அதன் பார்வை கீழே மட்டும். செங்குத்தாக எழும் மலையில், கீழே தரை நெருங்குகிறது என்று தெரியும்போது மூக்குக்கு முன்னால் பாறை வந்திருக்கும். சஞ்சீவி மலையை ராஜபாளையம் பக்கமிருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்னால் இருப்பதை அறிய உலகத்தின் ஒவ்வொரு மேட்டையும் மடுவையும் கணினியில் ஏற்ற வேண்டும். அந்த வரைபடங்கள் ராணுவங்களிடம் பூட்டிக் கிடந்தன. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது அதன் ராணுவ வரைபடங்கள் விலைக்கு வந்தன. பேட்மன் குழு வாங்கிக்கொண்டது. 1990-களின் நடுவில் புதிய பெட்டி வந்தது. செயற்கைக்கோள் மூலம் தன் இடத்தை அறிந்து, முன்னால் உள்ள மலையைத் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டி, ஏறக்குறைய ஒரு நிமிடம் முன்கூட்டியே எச்சரிக்கும். இன்று மதுரைக்கு வரும் பயணிகள் விமானங்களில் இத்தகைய பெட்டி உண்டு. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மட்டுமே தெரிந்து நமக்கு வயிற்றைக் கலக்கும்போது, முன்னால் இருப்பவர்களின் திரையில் மேற்குத்தொடர்ச்சி மலை வரைந்து வைத்ததுபோலத் தெரிந்துகொண்டிருக்கும்.

இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானத்துக்குப் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. 2023 ஜனவரி 5 இரவு மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் இறங்க முயன்ற பயிற்சி விமானம் ஒன்று, அடர்ந்த மூடுபனியில் உம்ரி கிராமத்துக் கோயில் கோபுரத்தில் மோதி விழுந்தது. பயிற்றுநர் இறந்தார், பயிற்சி மாணவர் காயத்தோடு தப்பினார். காற்றில்லாத, வானம் தெளிந்த நீண்ட இரவில் தரை தன் வெப்பத்தை விண்ணுக்கு விட்டுக் குளிர்ந்து, அதைத் தொட்டிருக்கும் காற்றையும் பனிநிலைக்குக் கீழே இழுத்துவிடும். மலை ஏறாமலே மேகம் பிறந்து தரையில் படுத்துக்கொள்ளும். டெல்லி போன்ற பெரிய நிலையங்களில் ரேடியோ கற்றையைப் பிடித்துக்கொண்டு, ஓடுபாதை ஐம்பது மீட்டருக்கு மட்டுமே தெரியும்போதும் பெரிய விமானங்கள் இறங்குகின்றன. சிறிய தளங்களில் கண்தான் கருவி.

சிறிய விமானங்களுக்குக் குளிர்காலத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நம் ஊர் வெயிலிலும் அவற்றின் இன்ஜினுக்குள் பனிக்கட்டி உறையும். நம்பக் கடினம்தான். பழைய பைக்குகளில் இருந்ததுபோல் இவற்றில் பலவற்றிலும் கார்புரேட்டர் உண்டு. பெட்ரோல் அங்கே ஆவியாகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே காரணத்தால் சுற்றியுள்ள காற்று குளிர்கிறது. குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுத்து விரிவதும் சேர்ந்து வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் சட்டென்று இறங்கலாம். வெளியே 20 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், உள்ளே உறைநிலை. திராட்டில் தகட்டின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்து காற்றுப்பாதையை அடைக்கும். இறங்கும்போது திராட்டிலைக் குறைப்பதால் இடைவெளி இன்னும் சுருங்குகிறது, இன்ஜினின் சூடும் குறைகிறது. ஆபத்து அப்போதுதான் அதிகம். அதற்காக ஒரு குமிழ் இருக்கிறது. இழுத்தால் புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று உள்ளே வரும். வேடிக்கை என்னவென்றால், இழுத்தவுடன் இன்ஜின் தேறாமல் இன்னும் மோசமாக இருமும். உருகிய தண்ணீரை விழுங்க வேண்டியிருக்கிறதே. புதிய மாணவர் பயந்துபோய்க் குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் சத்தம் சீராகும்.

கான்சாபுரத்தில் மணி பதினொன்றரை ஆகிவிட்டது. வெயில் ஏறி 29 டிகிரி தொட்டிருக்கும். பனிநிலை அதே 21 என்றால் வித்தியாசம் 8; மேகத்தின் அடி இப்போது 1000 மீட்டர். சொன்னபடியே சாம்பல் சுவர் கீழிருந்து சுருண்டு மேலே போயிருந்தது. முதலில் அடிவாரக் காடு, பிறகு ஓடைகள் வழிகிற பாறைகள், அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் கரும்பச்சை. பெரியவர் ஏழாவது மரத்தில் இருந்தார். தலைக்கு மேலே எங்கேயோ மதுரைக்கு இறங்குகிற விமானத்தின் சத்தம் கேட்டது, விமானம் தெரியவில்லை.

“மலை வந்திருச்சு அண்ணாச்சி” என்று கீழேயிருந்து கத்தினேன்.

அவர் மட்டையைப் பிடித்தபடி மேற்கே திரும்பிப் பார்த்தார். “பாதிதான் தம்பி.”